கப்பலுக்கு முன்னால் காகிதம் போய்ச் சேர வேண்டும்: கள்ள மீன்பிடிப்பைத் தொடர்வோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கள்ள மீன்பிடிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வரும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான். கணினியில் கப்பல் வரைபடத்தைத் திறந்து, கடலில் நகரும் புள்ளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது, புள்ளிகள் நகர்கின்றன என்பது மட்டும்தான்.

வரைபடம் வேண்டும், ஆனால் முதலில் இல்லை. மீன் திருடும் கப்பல் நடுக்கடலில் கையும் களவுமாகப் பிடிபடுவது அபூர்வம். பெரும்பாலும் அது மாட்டிக்கொள்வது ஏதோ ஒரு துறைமுக அலுவலகத்தில், ஒரு அதிகாரி அதன் காகிதங்களைப் புரட்டும்போதுதான். அவருக்கு இன்னொரு நாட்டிலிருந்து தகவல் முன்கூட்டியே வந்திருந்தால் கப்பல் மாட்டும். வரவில்லை என்றால் சரக்கை இறக்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு போய்விடும். சர்வதேச ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த ஒரு தகவல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் வந்து நிற்கிறது.

செய்தியாளர், மாணவர், மீனவர் சங்கத்தில் வேலை பார்ப்பவர், மீன்வளத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர் என்று யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போகலாம். கூடவே ஒரு நிஜக் கப்பலையும் அழைத்துப் போகிறேன். ஆந்திரே டோல்கோவ், சீ ப்ரீஸ் 1, அய்டா, எஸ்.டி.எஸ்-50 என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்த கப்பல் அது. தென்கோடிக் கடலில் கிடைக்கும் டூத்ஃபிஷ் என்ற விலை உயர்ந்த மீனைத் திருட்டுத்தனமாகப் பிடித்துவந்தது.

முதல் படி: என்ன வகைத் தப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2001இல் வெளியிட்ட செயல்திட்டம் இந்தத் தப்பை மூன்றாகப் பிரிக்கிறது: சட்டவிரோதமானது, கணக்கில் காட்டாதது, கட்டுப்பாட்டுக்கு உட்படாதது. மூன்றையும் சேர்த்து ஆங்கில முதலெழுத்துகளில் ஐ.யூ.யூ என்பார்கள். ஒன்றாகவே சொல்லிச் சொல்லி, மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அடுத்த நாட்டின் கடலில் உரிமம் இல்லாமல் வலை போட்டால் அது சட்டவிரோதம். உரிமம் இருந்தும், பிடித்த 50 டன்னைப் பதிவேட்டில் 20 டன் என்று எழுதினால் அது கணக்கில் காட்டாதது. மூன்றாவதுதான் குழப்பமானது. எந்த நாட்டிலும் பதிவாகாத கப்பல் பிடிப்பதும், ஒரு வட்டார மீன்வள அமைப்பில் (ஒரு கடற்பகுதியின் மீனைச் சேர்ந்து நிர்வகிக்க நாடுகள் வைத்திருக்கும் அமைப்பு) சேராத நாட்டின் கப்பல் அந்த அமைப்பின் விதிகளுக்கு ஒவ்வாத வகையில் அதன் கடற்பகுதியில் பிடிப்பதும், விதியே வகுக்கப்படாத கடலில் பொறுப்பில்லாமல் பிடிப்பதும் இதில் அடங்கும்.

விதியே இல்லாத கடலுக்கு நல்ல உதாரணம் பெரிங் கடலின் நடுப்பகுதி. ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரிய கடல் எல்லைகளுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுக் கடல் அது. 1980களில் பல நாட்டுக் கப்பல்கள் அங்கே குவிந்து பொல்லாக் மீனை வாரின. சட்டப்படி யாரும் யாரையும் தடுக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் மீன் தீர்ந்துபோனது. ஆறு நாடுகள் கூடி 1994இல் ஒப்பந்தம் போட்டன. மீன் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

அதனால் ஒரு கப்பலைப் பற்றி எழுதும்போது, அது எந்த விதியை, யாருடைய விதியை மீறியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் 'சட்டவிரோதம்' என்ற சொல்லை இன்னும் கையில் எடுக்காதீர்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு புள்ளிவிவரம் சொல்வார்கள்: ஆண்டுக்கு 1.1 கோடி முதல் 2.6 கோடி டன் மீன் இப்படிப் போகிறது என்று. அது 2009இல் வெளியான மதிப்பீடு, அதற்கும் முந்தைய ஆண்டுகளின் தரவை வைத்துப் போட்டது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே, திருட்டை எடை போடுவது எவ்வளவு கடினம் என்று தெரியும். பயன்படுத்துங்கள், ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நான்கு நாடுகளையும் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். கொடி நாடு, கரையோர நாடு, துறைமுக நாடு, சந்தை நாடு. கப்பல் எங்கே பதிவாகியிருக்கிறது, யாருடைய கடலில் பிடித்தது, எங்கே இறக்கியது, எங்கே விற்றது என்பது இந்த நான்கு கட்டங்களில் வந்துவிடும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை.

1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள மீனுக்குக் கரையோர நாடு பொறுப்பு. அதற்கு வெளியே, திறந்த கடலில், கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறதோ அந்த நாட்டுக்குத்தான் அதன் மேல் முதன்மையான அதிகாரம். இங்கேதான் ஓட்டை. கொடிக்கும் கப்பலுக்கும் 'உண்மையான தொடர்பு' இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. அந்தத் தொடர்பு எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கவில்லை. உரிமையாளர் ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, மாலுமிகள் நாலு நாடு என்பது கடலில் சாதாரணம். கடற்கரையே இல்லாத மங்கோலியாவுக்கும் கப்பல் பதிவேடு உண்டு. வேறு நாட்டுக் கொடி வாங்குவது தன்னளவில் குற்றம் இல்லை. ஆனால் கொடி கொடுத்த நாடு அதன் பிறகு கப்பலைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அந்தக் கப்பலைக் கேட்பாரில்லை.

கொடி நாடு சும்மா இருக்கலாமா? ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்திடம் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வட்டார மீன்பிடி ஆணையம் இதைக் கேட்டது. 2015 ஏப்ரலில் பதில் வந்தது: தன் கொடியில் ஓடும் கப்பல் பிறர் கடலில் திருடாமல் பார்த்துக்கொள்ள உரிய அக்கறை காட்டுவது கொடி நாட்டின் கடமை, அக்கறை காட்டாவிட்டால் அந்த நாடே பொறுப்பேற்க நேரிடும். அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் கொடி நாட்டுக்குக் கடிதம் எழுதும்போது மேற்கோள் காட்ட இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

மூன்றாம் படி: பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள்

கப்பல் பெயர் பெயிண்டில் எழுதியது. ஒரே இரவில் மாறும். எனக்கு ஒருமுறை ஒரே பெயரில் மூன்று கப்பல் கிடைத்தன. மூன்று நாள் தவறான கப்பலின் பின்னால் போனேன். அதனால் முதலில் தேட வேண்டியது ஐ.எம்.ஓ எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முறைப்படி கப்பலுக்குத் தரப்படும் அடையாள எண். ஏழு இலக்கம். கப்பலின் உடலோடு ஒட்டியது. பெயர், கொடி, உரிமையாளர் மாறினாலும் எண் மாறாது.

மீன்பிடிக் கப்பல்களுக்கு இந்த எண் நீண்ட காலம் விலக்காகவே இருந்தது. 2013 இறுதியில்தான் 100 டன்னும் அதற்கு மேலும் உள்ள மீன்பிடிக் கப்பல்களும் பெறலாம் என்று வழி திறந்தது. 2017இல், சொந்த நாட்டுக் கடலுக்கு வெளியே மீன் பிடிக்கும் 12 மீட்டருக்கு மேற்பட்ட சிறிய கலங்களுக்கும் நீட்டித்தார்கள். ஆகவே எண் இல்லாத மீன்பிடிக் கப்பல் எல்லாம் திருட்டுக் கப்பல் அல்ல. ஆனால் பெரிய கப்பல், தூரக்கடலில் ஓடுகிறது, எண் இல்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

எண் சரிதானா என்று தாளிலேயே சரிபார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்.டி.எஸ்-50 கப்பலின் எண் 8514772. எட்டை ஏழால் பெருக்க 56, ஐந்தை ஆறால் பெருக்க 30, பிறகு 5, 16, 21, 14. மொத்தம் 142. கடைசி இலக்கம் 2, எண்ணும் 2இல் முடிகிறது. சரி. யாராவது வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால், அல்லது நீங்களே தட்டச்சில் பிழை விட்டால், பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று வானொலி அழைப்புக் குறி. மற்றது எம்.எம்.எஸ்.ஐ என்ற ஒன்பது இலக்க எண். கப்பலின் ஒலிபரப்புக் கருவி இதைத்தான் வெளியே சொல்லும். இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், ஆகவே கொடி மாறினால் இதுவும் மாற வேண்டும். ஒரு நாட்டின் கொடி, இன்னொரு நாட்டின் எண் என்று இருந்தால் அடிக்கோடு போடுங்கள்.

நான்காம் படி: பட்டியல்களைப் பாருங்கள்

திறந்த கடலில் மீன் நிர்வாகம் வட்டார மீன்வள அமைப்புகளின் கையில் இருக்கிறது. சூரை வகைகளுக்கு மட்டும் ஐந்து அமைப்புகள். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் செஷல்ஸில் இருக்கிறது. அண்டார்டிக் கடலுக்கான ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில். கப்பல் ஓடிய இடம், பிடித்த மீன் இரண்டையும் வைத்து எந்த அமைப்பு என்று கண்டுபிடியுங்கள்.

ஒவ்வொரு அமைப்பிடமும் பொதுவாக இரண்டு பட்டியல் இருக்கும். அனுமதி பெற்ற கப்பல்கள் ஒன்று, கள்ளக் கப்பல்கள் ஒன்று. எல்லோரும் இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதிகம் உதவியது முதல் பட்டியல். அந்தக் கடலில் அந்த மீனைப் பிடித்திருக்கிறது, ஆனால் அனுமதிப் பட்டியலில் அந்தத் தேதிக்கு அதன் பெயர் இல்லை என்றால் கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது. தேதியைக் கவனியுங்கள், அனுமதி வரும், காலாவதியாகும், மீண்டும் வரும்.

கள்ளக் கப்பல் பட்டியல் சிறியது. அதற்குக் காரணம் கடல் சுத்தமாக இருப்பதல்ல. பல அமைப்புகளில் ஒரு கப்பலைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2020இல் நியூசிலாந்தின் கண்காணிப்பு விமானம், மீன்பிடிக்க மூடப்பட்ட அண்டார்டிக் பகுதி ஒன்றில் பால்மர் என்ற ரஷ்யக் கப்பலைப் படம் எடுத்தது. அண்டார்டிக் ஆணையத்தின் பட்டியலில் சேர்க்க ரஷ்யா சம்மதிக்கவில்லை, சேரவும் இல்லை. நமது கப்பல் 2016இல் ஆந்திரே டோல்கோவ் என்ற பெயரில் அதே ஆணையத்தின் பட்டியலில் ஏறியது. அதற்குப் பரிந்துபேச ஒரு நாடு இல்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எல்லாப் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் இணையதளம் ஒன்றை டி.எம்.டி என்ற நார்வே அமைப்பு நடத்துகிறது. பழைய பெயர்களையும் அதில் தேடலாம். தொடங்க நல்ல இடம்.

ஐந்தாம் படி: இப்போது வரைபடத்தைத் திறக்கலாம்

கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஏ.ஐ.எஸ் என்ற கருவியால் அறிவிக்கின்றன. இது முதலில் மோதலைத் தவிர்க்க வந்தது, திருடனைப் பிடிக்க அல்ல. அதனால் அதை அணைக்கலாம், பொய் சொல்ல வைக்கலாம், இன்னொருவரின் எண்ணையும் போடலாம். எஸ்.டி.எஸ்-50 பயன்படுத்திய அடையாளம் ஒரே சமயத்தில் உலகின் பல கடல்களில் தெரிந்தது. வி.எம்.எஸ் என்ற வேறொரு கருவி அரசுக்கு மட்டும் தகவல் அனுப்பும்; அது நமக்குப் பொதுவாகக் கிடைக்காது. இந்தோனேசியா 2017இல் தன் வி.எம்.எஸ் தரவைப் பொதுவில் வைத்தது அப்போது பெரிய செய்தி.

2016இல் தொடங்கிய குளோபல் ஃபிஷிங் வாட்ச் தளத்தில் ஏ.ஐ.எஸ் தடங்களை இலவசமாகப் பார்க்கலாம். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். மெதுவாக, முன்னும் பின்னுமாகப் போன தடம் மீன்பிடித்தலைக் காட்டலாம். இழுவை மடிக் கப்பலின் தடமும் ஆயிரங்கால் தூண்டில் கப்பலின் தடமும் ஒன்றுபோல இருக்காது. பழகப் பழகக் கண்ணுக்குத் தெரியும். அடுத்தது, கரையிலிருந்து வெகுதூரத்தில் இரண்டு கப்பல்கள் பல மணி நேரம் ஒட்டி நிற்பது. மீன்பிடிக் கப்பலிலிருந்து குளிர்பதனக் கப்பலுக்குச் சரக்கு மாறுகிறது என்று பொருள்படலாம். பல கப்பல்களின் மீன் ஒரே கிடங்கில் கலந்த பிறகு எது நல்ல மீன், எது திருட்டு மீன் என்று யாராலும் பிரிக்க முடியாது. மூன்றாவது, தடம் அறுந்துபோவது.

அறுந்த தடத்தைப் பார்த்ததும் துள்ளாதீர்கள். கப்பல்கள் நெருக்கமாக இருக்கும் கடலில் செயற்கைக்கோளால் எல்லாச் சமிக்ஞையையும் பிரித்தெடுக்க முடியாது. கடற்கொள்ளையர் பயத்தில் அணைப்பதும் உண்டு. ஒரே கப்பல், ஒரே எல்லைக்கோட்டுக்கு அருகில், மாதம் தவறாமல் மறைந்து மறைந்து தெரிகிறது என்றால்தான் அது குறிப்பெடுக்கத் தக்கது.

வரைபடத்தில் இல்லாத கப்பல்களே அதிகம் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2024 ஜனவரியில் வெளிவந்த ஒரு ஆய்வு, ரேடார் செயற்கைக்கோள் படங்களை ஏ.ஐ.எஸ் தரவோடு ஒப்பிட்டு, தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் தெரிவதில்லை என்று கண்டது.

ஆறாம் படி: துறைமுகத்தில்தான் விளையாட்டு

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம் 2009 நவம்பரில் ஏற்கப்பட்டு 2016 ஜூன் 5இல் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 5ஐக் கள்ள மீன்பிடிப்புக்கு எதிரான சர்வதேச நாளாக ஐ.நா. அறிவித்ததும் இதனால்தான். இன்று 80க்கும் மேற்பட்ட தரப்புகள் இதில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே தரப்பாக எண்ணப்படுகிறது. கள்ள மீன்பிடிப்பை மட்டுமே குறிவைத்து, நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் உலக ஒப்பந்தம் இதுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் எந்தத் துறைமுகங்களுக்கு வரலாம் என்று நாடு முன்பே அறிவித்துவிட வேண்டும். வர நினைக்கும் கப்பல் முன்கூட்டியே படிவம் அனுப்ப வேண்டும்: அடையாள எண்கள், உரிமங்கள், எங்கே பிடித்தது, கடலில் சரக்கு மாற்றியதா, கிடங்கில் என்ன மீன் எவ்வளவு, எவ்வளவு இறக்கப்போகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி கொடி நாட்டைக் கேட்பார், வட்டார அமைப்பின் பட்டியலைப் பார்ப்பார். போதிய ஆதாரம் இருந்தால் நுழையவே விடக்கூடாது. அல்லது சோதனைக்காக மட்டும் உள்ளே விடலாம். தப்பு தெரிந்தால் மீன் இறக்கவோ மாற்றவோ முடியாது. எண்ணெய், உணவு, பழுதுபார்ப்பு எதுவும் கிடைக்காது. மாலுமிகளின் பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ கப்பலின் பாதுகாப்புக்கோ கட்டாயம் தேவையானதற்கும், கப்பலை உடைப்பதற்கும் மட்டும் விலக்கு.

கப்பலுக்கு இது ஏன் வலிக்கிறது? நிறைந்த கிடங்கோடு இன்னொரு துறைமுகத்துக்கு ஓட எண்ணெய் செலவாகும், குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மீனின் தரம் குறையும். கடலில் துரத்த ஒரு ரோந்துக் கப்பலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு 'முடியாது' எழுத ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த 'முடியாது' அடுத்த துறைமுகத்துக்குத் தெரிய வேண்டும். மறுப்பையும் சோதனை முடிவையும் கொடி நாடு, திருட்டு நடந்த கடலுக்குரிய நாடு, வட்டார அமைப்பு, கேப்டன் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாடு என்று உரிய தரப்புகளுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது ஒப்பந்தம். முன்பெல்லாம் இது மின்னஞ்சலிலும் ஃபேக்ஸிலும் தொலைந்துபோகும். உணவு மற்றும் வேளாண் அமைப்பு நடத்தும் உலகத் தகவல் பரிமாற்ற அமைப்பு வந்த பிறகு ஒரு நாட்டின் சோதனை அறிக்கையை இன்னொரு நாடு நேராகப் பார்க்க வழி இருக்கிறது. நாடுகள் அதில் பதிவேற்றுகின்றனவா என்பது வேறு கேள்வி.

எஸ்.டி.எஸ்-50 விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். முதலில் சீனத் துறைமுகம் ஒன்றில் டூத்ஃபிஷ் இறக்க வந்து, பிடித்து வைத்த பிறகும் தப்பியது. 2018 பிப்ரவரியில் மடகாஸ்கரில் நுழைய அனுமதி கேட்டது. டோகோ நாட்டுக் கொடி என்று சொன்னது. டோகோ அதை ஏற்கெனவே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது. காகிதங்கள் பொருந்தவில்லை என்று தெரிந்ததும் கப்பல் நழுவி மொசாம்பிக்கின் மபூட்டோவுக்குப் போனது. அதற்குள் தகவல் அங்கே போய்விட்டது, ஏனென்றால் மேற்கு இந்தியப் பெருங்கடலின் எட்டு நாடுகள், 2012இல் தொடங்கிய ஃபிஷ்-ஐ ஆப்பிரிக்கா என்ற கூட்டணியில் இப்படிப்பட்ட செய்திகளைத் தமக்குள் பகிர்ந்து வந்தன. மபூட்டோவில் ஆவணங்களையும் கடவுச்சீட்டுகளையும் பறிமுதல் செய்தார்கள். கப்பல் மறுபடியும் ஓடியது! தான்சானிய அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஸீ ஷெப்பர்ட் என்ற கடல் பாதுகாப்புத் தன்னார்வ அமைப்பின் கப்பல் துரத்தியது. இன்டர்போல் வழியாகச் செய்தி கிழக்கே போனது. 2018 ஏப்ரலில் இந்தோனேசியக் கடற்படை சுமத்ராவின் வடமுனைக்கு அருகே அதை மடக்கியது. பிடித்தது கடற்படைதான். ஆனால் அதைத் துறைமுகம் துறைமுகமாக விரட்டி, எண்ணெய்க்கும் காகிதத்துக்கும் அலைய விட்டது செய்திகள்.

ஓட்டைகளும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் சேராத நாட்டின் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தால் கப்பல் அங்கே போகும். ஏற்கெனவே ஒரு துறைமுகத்தில் இறக்கிய மீனைப் பெட்டகத்தில் அடைத்துக் கொண்டுவரும் பெட்டகக் கப்பலுக்கு, சந்தேகிக்கத் தெளிவான காரணம் இல்லாதவரை, இந்த ஒப்பந்தம் பொருந்தாது. இந்தத் துறைமுகச் சோதனை முறை வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்குத்தான்; தன் கொடிக் கப்பல்கள் மேல் எடுக்கும் நடவடிக்கையும் இதே அளவு பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம் சொல்கிறது.

ஏழாம் படி: மீனின் காகிதத்தைப் படியுங்கள்

சந்தை நாட்டின் கையில் இருப்பது கதவு. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி முதல், கடலில் பிடித்து உள்ளே வரும் பெரும்பாலான மீனுக்குக் கொடி நாடு சரிபார்த்த பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. ஒத்துழைக்காத நாட்டுக்கு முதலில் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை. சிவப்பு என்றால் அந்நாட்டுக் கப்பல்கள் பிடித்த மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடப்படும். 2015இல் மஞ்சள் வாங்கிய தாய்லாந்து சட்டங்களையும் கண்காணிப்பையும் மாற்றி 2019இல் விடுபட்டது. இலங்கைக்கு 2015இல் தடை வந்து அடுத்த ஆண்டு நீங்கியது. அமெரிக்கா 2018 முதல் குறிப்பிட்ட மீன் வகைகளுக்குத் தடம்காணும் விவரம் கேட்கிறது.

சான்றிதழ் ஒன்று கையில் கிடைத்தால் முத்திரையைவிடக் கணக்கைப் பாருங்கள். கப்பலின் கிடங்கு 200 டன் கொள்ளும், பத்து நாளில் ஒரே பயணத்தில் 320 டன் பிடித்ததாக எழுதியிருக்கிறது என்றால் கேள்வி கேளுங்கள். எடை முழு மீனுக்கா, தலையும் குடலும் நீக்கியதற்கா என்று பாருங்கள். இரண்டையும் மாற்றி எழுதித்தான் பல டன்கள் மறைகின்றன. சான்றிதழில் சொன்ன தேதியில் கப்பல் சொன்ன கடலில் இருந்ததா என்று ஐந்தாம் படியின் தடத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே சான்றிதழைப் பலமுறை பயன்படுத்துவது பழைய தந்திரம். காகிதத்தில் இருந்தவரை அதைப் பிடிப்பது சிரமம். 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் சான்றிதழ்களை ஒரு பொதுக் கணினி அமைப்பில் ஏற்றியாக வேண்டும்.

எட்டாம் படி: யாரிடம் சொல்வது, எப்படி எழுதுவது

கண்டதை எல்லாம் சமூக ஊடகத்தில் போட்டுவிடுவது பலருக்கு வரும் ஆசை. கப்பல் முதலாளியும் அதைப் படிப்பார். முதலில் உரிய இடத்துக்குத் தகவல் போகட்டும், அப்புறம் உலகுக்குச் சொல்லலாம்.

உரிய இடம் பொதுவாக உங்கள் நாட்டு மீன்வளத் துறைதான், ஏனென்றால் வட்டார அமைப்புகளின் விசாரணை பெரும்பாலும் உறுப்பு நாடுகள் வழியாகவே நகரும். குற்றம் நடக்கும் முறைகளைப் பற்றி உறுப்பு நாடுகளுக்குத் தெரிவிக்கும் இன்டர்போலின் ஊதா அறிவிப்பும் அப்படித்தான். தனிமனிதர் கேட்க முடியாது, நாட்டின் தேசிய அலுவலகம்தான் கேட்க வேண்டும். கப்பல் ஒரு துறைமுகத்தை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால் அந்தத் துறைமுக நாட்டின் தொடர்பு அலுவலருக்கும் எழுதுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளின் தொடர்பு அலுவலர் விவரம் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் தளத்தில் கிடைக்கும். இங்கே நேரம்தான் எல்லாம். கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு வரும் அருமையான அறிக்கையைவிட, இரண்டு நாள் முன்னால் வரும் அரைப்பக்கம் மேல்.

அந்த அரைப்பக்கத்தில் எண்கள் மேலே இருக்கட்டும்: ஐ.எம்.ஓ, எம்.எம்.எஸ்.ஐ, அழைப்புக் குறி, இப்போதைய பெயர், பழைய பெயர்கள். பிறகு எந்தத் தேதி, எந்த நேரம் என்று உலகப் பொது நேரத்தில், அட்சரேகை தீர்க்கரேகையோடு. நீங்கள் பார்த்தது வேறு, ஊகிப்பது வேறு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். 'திருடியது' என்று எழுதாதீர்கள். 'இந்த நாட்களில் இந்தப் பகுதியில் இந்த வேகத்தில் இருந்தது, அனுமதிப் பட்டியலில் காணவில்லை' என்று எழுதுங்கள். கடைசியில் அதிகாரி என்ன சரிபார்க்கலாம் என்று ஒரு வரி. படங்களின் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள்.

மாலுமிகளை மறக்க வேண்டாம். இந்தக் கப்பல்களில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, சம்பளம் இல்லாமல், பல மாதம் கரையைப் பார்க்காமல் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் தகவல் தந்திருந்தால் பெயரோ முகமோ எங்கும் வரக்கூடாது. துறைமுகத்துக்கு எழுதும்போது, மாலுமிகளைத் தனியாகப் பேச வைக்கும்படி கேட்பது நல்ல பழக்கம்.

அதன் பிறகு

என்ன நடக்கும்? பெரும்பாலும் சில மாதம் ஒன்றுமே நடக்காது. பிறர் கடலில் பிடிபட்டால்கூட, கடல் சட்ட உடன்படிக்கைப்படி தகுந்த பிணைத்தொகை கட்டினால் கப்பலையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும். மீன்பிடி விதிமீறலுக்கு, சம்பந்தப்பட்ட நாடுகள் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழியச் சிறைத்தண்டனை கிடையாது. சில சமயம் வழக்கு வேறு வாசலில், மீன்பிடி விதி அல்லாத வேறு குற்றச்சாட்டு வழியாக நுழையும். தண்டர் என்ற கப்பலை ஸீ ஷெப்பர்ட் 110 நாள் துரத்தி, அது 2015 ஏப்ரலில் சாவ் டோமே அருகே மூழ்கியபோது, அந்தச் சிறிய தீவு நாட்டின் நீதிமன்றம் கேப்டனுக்கும் இரு அலுவலர்களுக்கும் சிறையும், மொத்தம் 1.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதமும் விதித்தது.

மாலுமியோடு நிறுத்தினால் முதலாளி அடுத்த கப்பல் வாங்கிவிடுவார். ஆகவே உங்கள் தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: லாபம் யாருக்கு. ஸ்பெயின் தன் குடிமக்களும் நிறுவனங்களும் வேறு கொடிக் கப்பல்கள் மூலம் டூத்ஃபிஷ் திருடியதற்காக 2016இல் 1.7 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. 2025 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் மீன்வள மானிய ஒப்பந்தமும் பணத்தைத்தான் குறிவைக்கிறது: கள்ள மீன்பிடிப்பில் ஈடுபட்டதாக உரிய அதிகாரம் முடிவு செய்த கப்பலுக்கோ அதை இயக்குபவருக்கோ உறுப்பு நாடு மானியம் தரக்கூடாது. அந்த முடிவை எடுக்கக்கூடியவர்களில் கொடி நாடு, கரையோர நாடு, வட்டார அமைப்பு மூன்றும் அடக்கம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் தனிக் கோப்பு வையுங்கள். கோப்பின் முகப்பில் பெயரை எழுதாமல் ஐ.எம்.ஓ எண்ணை எழுதுங்கள். பெயர் மாறியது என்று ஒருநாள் செய்தி வந்தால், புதுப் பெயரைத் தேதியோடு உள்ளே குறித்துவிட்டு, அந்தத் திசையில் அடுத்து என்ன துறைமுகம் என்று பாருங்கள்.